மார்ச் 8-க்கு ஒரு நாள் முன்னால்: பெய்ட்டன் மேனிங்கை கோல்ட்ஸ் விடுவித்த விவகாரம்

2012 மார்ச் 7, புதன்கிழமை. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் வளாகத்தில் பத்திரிகையாளர்கள் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அணியின் உரிமையாளர் ஜிம் இர்சே. இன்னொருவர் 1998 முதல் அந்த அணிக்கு ஆடிவந்த பெய்ட்டன் மேனிங். முந்தைய நாள்தான் இருவரும் மயாமியிலிருந்து ஒரே விமானத்தில் வந்து இறங்கியிருந்தார்கள். பேசும்போது இருவருக்குமே தொண்டை அடைத்தது. உடன் ஆடியவர்கள், பயிற்சியாளர்கள் என்று தொடங்கி, ஆட்ட உபகரணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள் வரை மேனிங் நன்றி சொன்னார். ரசிகர்களிடம், உங்கள் குவாட்டர்பேக்காக இருந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம் என்றார்.

விவரம் தெரியாதவர் பார்த்திருந்தால் ஓய்வு பெறும் விழா என்றுதான் நினைத்திருப்பார். நடந்தது வேலைநீக்கம். என்.எஃப்.எல். என்ற அந்த ஃபுட்பால் லீகின் காகிதங்களில் அதற்குப் பெயர் 'ரிலீஸ்'. வீரர்கள் தங்களுக்குள் பேசும்போது 'கட்'. நான்கு முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவரை, அந்த ஊருக்கு லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையைக் கொண்டுவந்தவரை, 36 வயது நிறைவதற்கு இரண்டரை வாரம் முன்னால் அணி வெளியே அனுப்பியது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. நன்றி கெட்ட முதலாளி என்பது ஒன்று. வியாபாரம் என்றால் அப்படித்தான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. அந்த முடிவு மார்ச் 7-ல் எடுக்கப்பட்டதே இல்லை என்பது என் எண்ணம். பாதி முடிவு 2011 ஜூலையில் ஒப்பந்தம் எழுதியபோதே உள்ளே போய்விட்டது. மீதிப் பாதியை, மேனிங் ஆடாத ஒரு சீசன் எடுத்துக்கொண்டது. அவர் இல்லாமல் அணி எவ்வளவு மோசம் என்று உலகத்துக்கே தெரிந்ததுதான் அவர் வேலைக்கு உலை வைத்தது. இது எப்படி என்று பார்ப்போம்.

ஊரும் ஆளும்

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது கையால் வீசியும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம். அதில் குவாட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு வீசுவது, யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பவர். மேனிங் இந்த வேலையை வேறு தளத்துக்குக் கொண்டுபோனவர். எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து, பந்து கைக்கு வரும் முன்னாலேயே கையை ஆட்டிக் கத்தி, ஆட்டத் திட்டத்தையே அந்த இடத்தில் மாற்றுவார். ஒரு அணியின் தாக்குதல் முழுவதும் ஒரே தலைக்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கோல்ட்ஸ் பால்டிமோரிலிருந்து 1984-ல் இரவோடு இரவாக லாரிகளில் இண்டியானாபொலிஸுக்குக் குடிபெயர்ந்த அணி. கூடைப்பந்துக்கும் கார் பந்தயத்துக்கும் பேர்போன ஊர் அது. 1997-ல் அணி 3 வெற்றி, 13 தோல்வி. அதனால், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1998-ல் முதல் தேர்வு கிடைத்தது. டென்னசி பல்கலைக்கழகத்திலிருந்து மேனிங்கை எடுத்தார்கள். அவருக்கு இடம் விடுவதற்காக, ஊருக்குப் பிடித்தமான 34 வயது குவாட்டர்பேக் ஒருவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பெயர் ஜிம் ஹார்பா. இந்தப் பெயர் இன்னொரு முறை வரும்.

முதல் வருடம் மேனிங் 28 முறை பந்தை எதிரணி கையில் வீசினார். அணி மறுபடி 3-13. அடுத்த வருடம் 13-3. 2003 முதல் 2009 வரை ஏழு சீசன், ஒவ்வொன்றிலும் குறைந்தது 12 வெற்றி. 2007 பிப்ரவரியில் சிகாகோ பேர்ஸை 29-17 என்று வென்று சூப்பர் பவுல். 2010 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் 31-17 தோல்வி. 2008-ல் திறந்த புது மைதானம், அங்கே நடத்தக் கிடைத்த சூப்பர் பவுல் எல்லாவற்றின் பின்னாலும் அவர் இருந்தார். ஊரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கே அவர் பெயர்.

இதில் ஒரு எண் மட்டும் முக்கியம்: 208. முதல் ஆட்டத்திலிருந்து 2010 சீசன் முடியும் வரை தொடர்ச்சியாக 208 லீக் ஆட்டங்களில் அவர்தான் களம் இறங்கினார். ஒன்றைக்கூட விடவில்லை. அவர் இல்லாமல் ஆடுவது எப்படி என்று அணி யோசிக்க வேண்டிய தேவையே 13 வருடம் வரவில்லை.

கழுத்து

2011 ஜனவரி 8. நியூயார்க் ஜெட்ஸுடன் பிளே-ஆஃப் ஆட்டம், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். கடைசி விநாடியில் பந்தை உதைத்துப் புள்ளி எடுத்த ஃபீல்ட் கோலில் கோல்ட்ஸ் 17-16 என்று தோற்றது. கோல்ட்ஸ் சட்டையில் மேனிங்கின் கடைசி ஆட்டம் அதுதான் என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியாது.

கழுத்துத் தொந்தரவு அதற்கு முன்பே இருந்தது. 2010-லேயே ஒரு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. 2011 மே மாதம் இன்னொன்று. பிரச்சினை வலி மட்டும் இல்லை. கழுத்தில் அழுத்தப்பட்ட நரம்பு வலது கைக்குப் போகும் நரம்பு. பந்து வீசும் கை. தசைக்குக் கட்டளை சரியாகப் போகாததால் கையில் பலம் இறங்கிவிட்டது. நரம்பு திரும்ப வளருவது மிக மெதுவாக நடக்கும் வேலை. எப்போது திரும்பும், முழுதாகத் திரும்புமா என்று எந்த மருத்துவரும் தேதி எழுதித் தர முடியாது.

அதே நேரத்தில் லீகில் கதவடைப்பு. 2011 மார்ச் முதல் ஜூலை வரை உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் ஒப்பந்தத் தகராறு. அந்த மாதங்களில் வீரர்கள் அணியின் வளாகத்துக்குள் கால் வைக்கக்கூடாது, அணியின் உடற்பயிற்சி ஆட்களுடன் வேலை செய்யக்கூடாது. லீகை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் பெயர் கொடுத்திருந்த வீரர்களில் மேனிங்கும் ஒருவர். ஆக, வாழ்க்கையின் மிக முக்கியமான மறுவாழ்வுச் சிகிச்சைக் காலத்தில் அவர் தனியாள். டென்வரில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த பழைய கல்லூரி நண்பர் டாட் ஹெல்டனுடன் ஒரு நாள் பந்து வீசிப் பார்த்திருக்கிறார். பந்து சில கஜ தூரத்திலேயே தலைகுப்புற விழுந்தது. ஹெல்டன், ஆள் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாராம். இந்த விவரம் பொதுவெளிக்கு வந்தது ரொம்பப் பின்னால்.

செப்டம்பரில் கழுத்து எலும்புகளை இணைக்கும் பெரிய அறுவை சிகிச்சை. இரண்டு வருடத்துக்குள் மொத்தம் நான்கு முறை. 2011 சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

ஜூலையில் எழுதிய கதவு

கதவடைப்பு முடிந்து சில நாட்களில், ஜூலை 30 அன்று, மேனிங் ஐந்து வருடத்துக்கு 90 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். லீகிலேயே அதிகச் சம்பளம் தரத் தயார் என்று இர்சே வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அது வேண்டாம், மற்றவர்களை வைத்துக்கொள்ள அந்தப் பணம் உதவட்டும் என்பது மேனிங்கின் நிலை.

தலைப்புச் செய்தி 90 மில்லியன். ஆனால் என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் தலைப்பு எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. அங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களில் எத்தனை வருடம் மிச்சம் இருந்தாலும், வேண்டாம் என்றால் அணி ஆளை நிறுத்திவிடலாம். உத்தரவாதம் தந்த பணம் மட்டும்தான் நிஜம். இந்த ஒப்பந்தத்தில் முதல் வருடம் 26.4 மில்லியன் கைக்கு வந்தது. அதன் பிறகு ஒரு ஷரத்து: 2012 மார்ச் 8-க்குள் அணி 28 மில்லியன் ஊக்கத்தொகை கொடுத்தால் ஒப்பந்தம் தொடரும். கொடுக்காவிட்டால் அதோடு சரி.

இது தந்திரம் இல்லை. கழுத்தின் நிலை சந்தேகமாக இருக்கும் ஒருவருக்கு இவ்வளவு பெரிய தொகையைத் தருவதென்றால், நடுவில் ஒரு கதவு வைப்பது இரு தரப்புக்கும் நியாயம். மேனிங்கின் ஆட்களும் படித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஒரு பந்துகூட வீசாத வருடத்துக்கு அவருக்கு 26.4 மில்லியன் கிடைத்தது என்பதை, நன்றி கெட்டவர்கள் என்று திட்டுகிறவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. என் பார்வையில் இந்தக் கதையில் சரியாக வேலை செய்த ஒரே பாகம் இந்த ஷரத்துதான்.

2-14

தப்பு நடந்தது வேறு இடத்தில். ஜூலையில் இவ்வளவு கவனமாக ஒப்பந்தம் எழுதிய நிர்வாகம், மேனிங் ஆடாவிட்டால் யார் ஆடுவது என்ற கேள்விக்கு ஆகஸ்ட் வரை பதில் வைத்திருக்கவில்லை. ஓய்வு அறிவித்துவிட்டு வீட்டில் இருந்த கெர்ரி காலின்ஸை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது 38 வயது. ஒரே தலைக்குள் இருந்த தாக்குதல் என்று சொன்னேன் இல்லையா? அந்தத் தலை இல்லாமல் வேறொருவர் சில வாரத்தில் எப்படி அதைக் கற்றுக்கொள்வது? முதல் ஆட்டத்திலேயே ஹியூஸ்டனிடம் 34-7. அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸிடம் 62-7. காலின்ஸ் காயம்பட்டு வெளியேறினார், கர்ட்டிஸ் பெயின்டர் வந்தார், அவருக்குப் பிறகு டான் ஓர்லோவ்ஸ்கி. முதல் 13 ஆட்டமும் தோல்வி.

முந்தைய வருடம் 10-6 என்று முடித்த அணி இது. பெரிய மாற்றம் ஒன்றே ஒன்றுதான். மேனிங்கின் மதிப்பை நிரூபிக்க இதைவிடச் சுத்தமான பரிசோதனை யாராலும் நடத்த முடியாது.

ஆனால் என்.எஃப்.எல். விதிப்படி, மிக மோசமாக முடிக்கும் அணிக்குத்தான் அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வு. அந்த வருடம் வரிசையில் முதலில் நின்றவர் ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ லக். அப்படி ஒரு குவாட்டர்பேக் கல்லூரியிலிருந்து வருவது அபூர்வம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தோற்றுக்கொண்டே இருந்தால் லக் கிடைப்பார் என்பதை ரசிகர்கள் 'சக் ஃபார் லக்' என்று எதுகையோடு கோஷமாகவே ஆக்கிவிட்டார்கள்.

டிசம்பரில் கோல்ட்ஸ் திடீரென்று இரண்டு ஆட்டம் வென்றது. கடைசி ஆட்டம் 2012 ஜனவரி 1, ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுடன். கோல்ட்ஸும் செயின்ட் லூயிஸ் ராம்ஸும் அந்த சீசனை 2-14 என்று ஒரே நிலையில் முடித்தன. கோல்ட்ஸ் ஜாக்சன்வில்லை வென்றிருந்தால் முதல் தேர்வு ராம்ஸுக்குப் போயிருக்கும். 19-13 என்று தோற்றது. லக் வந்தார். அந்த ஆறு புள்ளி வித்தியாசத்தில் மேனிங்கின் கோல்ட்ஸ் வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் நாடகத்தனமாகத் தோன்றலாம். ஆனால் லக் இல்லாத ஒரு உலகில் இர்சே அந்தக் காசோலையில் கையெழுத்துப் போட்டிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாளே சுத்திகரிப்பு தொடங்கியது. 1998-ல் மேனிங்கைத் தேர்ந்தெடுத்த நிர்வாகி பில் போலியன் ஜனவரி 2-ல் நீக்கப்பட்டார். பயிற்சியாளர் ஜிம் கால்டுவெல் ஜனவரி 17-ல். புதிய பொது மேலாளர் ரயன் கிரிக்சன், புதிய பயிற்சியாளர் சக் பகானோ. மேனிங்கோடு எந்தப் பழைய கணக்கும் இல்லாதவர்கள்.

அந்த ஜனவரியில் மேனிங் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றிடம், வளாகத்தில் எல்லோரும் பயந்து பயந்து நடக்கிறார்கள், சூழல் நன்றாக இல்லை என்று சொல்லிவைத்தார். இர்சேக்குக் கோபம். வீட்டு விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று பதில் வந்தது. பிறகு இருவரும் சேர்ந்து சமாதான அறிக்கை விட்டார்கள். பிப்ரவரி 5-ல் சூப்பர் பவுல். நடந்தது இண்டியானாபொலிஸில், மேனிங்கின் சொந்த மைதானத்தில். ஆடி ஜெயித்தது அவருடைய தம்பி ஈலை மேனிங்கின் நியூயார்க் ஜயன்ட்ஸ். தம்பி கோப்பைக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்த வாரத்தில், அண்ணன் ஆடலாம் என்று மருத்துவர்கள் சொன்ன செய்தி வர, எங்கள் அணியின் மருத்துவப் பரிசோதனையில் அவர் இன்னும் தேறவில்லை என்று இர்சே ட்விட்டரில் எழுதினார். கசப்பு அந்த அளவுக்குப் போனது. மார்ச் 7-ன் கண்ணீரைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கணக்கு

இப்போது மார்ச் முதல் வாரத்தில் இர்சே மேசையில் இருந்த எண்களைப் பார்ப்போம். 2012-ல் ஒரு அணி வீரர்களுக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய சம்பள வரம்பு 120.6 மில்லியன் டாலர்.

மேனிங்கை வைத்துக்கொண்டால் அந்த வருடம் கையிலிருந்து போகும் பணம் 28 மில்லியன் ஊக்கத்தொகையும் 7.4 மில்லியன் சம்பளமும். மொத்தம் 35.4. ஆனால் வரம்புக் கணக்கு வேறு மாதிரி. ஊக்கத்தொகையை மீதமுள்ள வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். 28-ஐ நான்கால் வகுத்தால் வருடம் 7. ஒப்பந்தம் எழுதியபோது தந்த முன்பணத்தையும் இப்படியே பிரித்து எழுதியிருந்தார்கள், அதன் பங்கு வருடம் 2.6. சம்பளம் 7.4. ஆக 17 மில்லியன். விடுவித்தால், இன்னும் கணக்கில் ஏறாத முன்பணம் 10.4 மில்லியனும் ஒரேயடியாக 2012 தலையில் விழும். ஆடாத ஆளுக்காகக் கணக்கில் நிற்கும் இந்தத் தொகையை அங்கே 'செத்த பணம்' என்பார்கள்.

17-க்கும் 10.4-க்கும் வித்தியாசம் ஆறரை மில்லியன்தானே, இதற்கா இவ்வளவு என்று தோன்றும். ஆபத்து அடுத்த வருடத்தில் ஒளிந்திருந்தது. ஊக்கத்தொகையைக் கொடுத்துவிட்டு, கை திரும்பவில்லை என்று 2013-ல் விடுவித்தால், 28-ல் மிச்சமிருக்கும் 21-ம் முன்பணத்தில் மிச்சமிருக்கும் 7.8-ம் சேர்ந்து 28.8 மில்லியன் செத்த பணம். வரம்பில் கிட்டத்தட்ட கால் பங்கு. அதாவது மார்ச் 8-ல் போடும் கையெழுத்து ஒரு வருடத்துக்கானது மாதிரித் தெரியும், ஆனால் பல வருடத்துக்குக் கட்டிப்போடும்.

வேறு அணிக்கு விற்றிருக்கலாமே? முடியாது. அந்த வருட லீக் கணக்கு தொடங்கும் நாள் மார்ச் 13. அதற்கு முன் வீரர்களை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஊக்கத்தொகைக் கெடு மார்ச் 8. இடையில் ஐந்து நாள். கோல்ட்ஸுக்கு மேனிங்குக்குப் பதிலாக ஒரு டிராஃப்ட் தேர்வுகூடக் கிடைக்காமல் போனதற்கு இந்த ஐந்து நாள்தான் காரணம். மேனிங்குக்கோ அதுவே லாபம். மற்ற வீரர்கள் சந்தைக்கு வருமுன் ஆறு நாள் அவர் மட்டும் கடை விரிக்க முடிந்தது, எந்த அணி என்று தானே தேர்ந்தெடுக்கவும் முடிந்தது.

இன்னொரு பக்கம் லக். 2011 கதவடைப்பு முடிந்து வந்த புதிய ஒப்பந்தம், புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டது. 2010-ல் முதல் தேர்வாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன். 2012-ல் லக்குக்கு நான்கு வருடத்துக்கு 22.1 மில்லியன். இரண்டே வருட இடைவெளி. தன் பெயரையும் கொடுத்து மேனிங் நடத்திய போராட்டத்தில் பிறந்த ஒப்பந்தம், அவருக்குப் பதிலாக வரப்போகிறவரை மலிவாக்கிக் கொடுத்தது.

விடுவித்ததை எதிர்ப்பவர்கள் பலரும் கவனிக்காத ஒரு வலுவான வாதம் உண்டு. அதை அவர்கள் சார்பில் நானே வைக்கிறேன். மேனிங்கை வைத்துக்கொண்டு முதல் தேர்வை விற்றிருக்கலாம். அந்த வருடம் இரண்டாவது தேர்வுக்காக வாஷிங்டன் அணி ராம்ஸுக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் கொடுத்தது. இரண்டாவதுக்கே இவ்வளவு என்றால் முதலாவதுக்கு எவ்வளவு கேட்டிருக்கலாம்! மேனிங்கைச் சுற்றி இளம் அணி ஒன்றைக் கட்டியிருக்கலாம்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாமே ஒரு நரம்பை நம்பி இருந்தது. நரம்பு திரும்பாவிட்டால் மேனிங்கும் இல்லை, லக்கும் இல்லை, 28.8 மில்லியன் கடன் மட்டும் மிச்சம். மார்ச் 7 அன்று அந்த நரம்பைப் பற்றி யாருக்கும், மேனிங்குக்கும்கூட, உறுதியாகத் தெரியாது. இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளும் யோசனையும் பேசப்பட்டது. கிரீன் பேயில் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் ஏரன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம் காத்திருந்தது உண்மை. ஆனால் கிரீன் பே அப்போது தன் அணியைக் கலைத்துக்கொண்டிருக்கவில்லை. கோல்ட்ஸோ மேனிங் போன இரண்டாம் நாளே டாலஸ் கிளார்க், ஜோசஃப் அடாய், கேரி பிராக்கெட் என்று பழைய ஆட்களை வரிசையாக விடுவித்தது. புதிதாக நட ஆரம்பிக்கும் தோட்டத்தில் 36 வயதுக்காரருக்கு என்ன அறுவடை?

அதனால் என் முடிவு: அன்று தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் விடுவித்தது சரி. 2011 ஆகஸ்டில் மாற்று ஆள் இல்லாமல் சீசனுக்குள் போனதுதான் தவறு. அந்தத் தவறுக்குப் பரிசாக லக் கிடைத்ததால் அதை யாரும் தவறு என்று எழுதவில்லை.

அப்புறம் நடந்தது

சந்தையில் அரிசோனா, டென்னசி, மயாமி என்று பலர் கேட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவும் ரகசியமாக அவர் பந்து வீசுவதைப் பார்த்தது. அங்கே பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே ஜிம் ஹார்பா. 1998-ல் மேனிங்குக்காக இடம் காலி செய்தவர், ஸ்டான்ஃபோர்டில் லக்குக்குப் பயிற்சி கொடுத்தவர். கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

மேனிங் டென்வர் ப்ராங்கோஸைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து வருடம், 96 மில்லியன். டென்வர் அணியின் நிர்வாகி ஜான் எல்வே மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாரா என்றால் இல்லை. முதல் வருடத்துக்கு 18 மில்லியன் உத்தரவாதம். அடுத்த இரண்டு வருடத்தின் 40 மில்லியனுக்கு, 2013-ல் கழுத்துப் பரிசோதனையில் தேற வேண்டும் என்ற நிபந்தனை. கோல்ட்ஸ் எடுக்க மறுத்த அதே ஆபத்தை டென்வர் சின்னச் சின்னத் தவணையாக வாங்கியது. மார்ச் 8-ல் ஒரே மூச்சில் 28 மில்லியன் கேட்கும் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை.

கை திரும்பியது. முன்பிருந்த வேகம் முழுதாக வரவில்லை, ஆனால் தலை அதே தலை. 2012-ல் டென்வர் 13-3. 2013-ல் 55 டச் டவுன் வீச்சு (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது), 5,477 கஜம், இரண்டுமே லீக் சாதனை, ஐந்தாவது முறையாக மிகச் சிறந்த வீரர். அந்த சீசனின் சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43-8 என்று செம அடி. 2015-ல் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சம்பளத்தையும் 19-லிருந்து 15 மில்லியனாகக் குறைத்துக்கொண்டார். 9 டச் டவுன், 17 இடைமறிப்பு. நடுவில் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டார். ஆனாலும் டென்வரின் தடுப்பாட்டம் தூக்கிச் சுமக்க, 2016 பிப்ரவரியில் கரோலைனாவை 24-10 என்று வென்று இரண்டாவது கோப்பை. ஓய்வை அறிவித்தது 2016 மார்ச் 7. விடுவிக்கப்பட்ட அதே தேதி, சரியாக நான்கு வருடம் கழித்து.

இண்டியானாபொலிஸில் லக் ஏமாற்றவில்லை. தொடர்ந்து மூன்று சீசன் 11-5. 2013 அக்டோபரில் மேனிங் முதன்முறையாகப் பழைய மைதானத்துக்கு எதிரணியாக வந்தபோது கோல்ட்ஸ் 39-33 என்று வென்றது. 2015 ஜனவரியில் பிளே-ஆஃபிலும் டென்வரையே 24-13 என்று வீழ்த்தியது. பிறகு லக்கின் தோள் போனது. 2017 முழுக்க ஆடவில்லை. 2018-ல் பிரமாதமாகத் திரும்பி வந்தார். 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில், காயமும் சிகிச்சையும் மாறி மாறி வரும் சுழற்சி போதும் என்று ஓய்வை அறிவித்தார். அன்று மைதானத்தை விட்டு நடந்தபோது சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். உடம்பு தாங்காது என்று அனுப்பப்பட்டவர் 39 வயது வரை ஆடினார். அவருக்குப் பதிலாக வந்த இளைஞர் உடம்பு தாங்காமல் 29-ல் நிறுத்தினார். இதை வைத்து 2012 முடிவு தவறு என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2012-ல் 22 வயதுப் பையனின் தோளைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்?

பிரிவை நடத்திய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இர்சே குடும்பத்துக்கு இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. ஜிம் இர்சேயின் அப்பா ராபர்ட் இர்சே 1972-ல் கோல்ட்ஸை வாங்கினார். சில மாதங்களில், 17 சீசன் பால்டிமோருக்கு ஆடிய ஜானி யுனைட்டஸை அணி முதலில் பெஞ்சில் உட்காரவைத்தது, பிறகு சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டது. யுனைட்டஸ் அந்தக் காயத்தை மறக்கவில்லை. அணி 1984-ல் ஊர் மாறிய பிறகு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸோடு தனக்கு உறவே இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அவருடைய சிலை இன்று நிற்பது பால்டிமோரில், வேறொரு அணியின் மைதான வாசலில். யுனைட்டஸ் போனபோது ஜிம் இர்சேக்குப் பதின்மூன்று வயது. ஒரே விமானம், ஒரே மேடை, மேனிங்கின் 18-ஆம் எண்ணை இனி யாரும் அணிய மாட்டார்கள் என்ற வாக்குறுதி, இதெல்லாம் அந்தப் பையன் கற்றுக்கொண்ட பாடமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வாக்கு காப்பாற்றப்பட்டது. 2017 அக்டோபர் 7-ல் லூகஸ் ஆயில் மைதானத்தின் வெளியே மேனிங்கின் சிலையைத் திறந்தார்கள். மறுநாள், சான் ஃபிரான்சிஸ்கோவுடன் ஆட்டம். 18-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள், மேனிங்கும் இர்சேயும் அங்கே இருந்தார்கள். அன்று கோல்ட்ஸின் குவாட்டர்பேக்காகக் களம் இறங்கியவர் ஜேக்கபி பிரிசெட். லக்குக்குத் தோள் இன்னும் சரியாகவில்லை.